படுகோணத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை வடிகட்டும் பரப்புகள்: வடிவமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் ஆன்டெனாவின் முன்னே நேராக வரும் அலையும் பக்கவாட்டில் முப்பது பாகை சாய்ந்து வரும் அலையும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால், வழக்கமான வடிகட்டி எதுவும் அவற்றைப் பிரிக்காது. மின்சுற்றுக்குள் நுழைந்த பிறகு அந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆகையால் பிரிப்பு அவை உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளியில், ஒரு பரப்பில் நடந்தாக வேண்டும். வரிசை ஆன்டெனாக்களின் பக்கக் கதிர்களை (முதன்மைத் திசைக்கு வெளியே செல்லும் கதிர்வீச்சை) அடக்குவதற்காக இந்த எண்ணம் 1970-களிலேயே கையாளப்பட்டது. செபிஷேவ் பண்பு (கடக்கும் பகுதியில் சம அளவு ஏற்ற இறக்கம்) கொண்ட வெளிசார் வடிகட்டிகளை, அதாவது திசையைக் கொண்டு பிரிக்கும் வடிகட்டிகளை, வடிவமைக்கும் முறையை 1976-ல் ராபர்ட் மைலூ வெளியிட்டார். உலோக வலைகளால் ஆன கோண வடிகட்டிகளைப் பற்றிய ஆய்வை 1983-ல் அவரும் பிராங்கியும் சேர்ந்து வெளியிட்டனர். பின்வரும் வழிகாட்டி, அத்தகைய ஒரு பரப்பை 10 கிகாஹெர்ட்ஸில் தாளிலிருந்து சோதனை மேடை வரை கொண்டுசெல்லும் வரிசையில் எழுதப்பட்டுள்ளது. நீளங்களை அலைநீளத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் மற்ற அதிர்வெண்களுக்கும் இதே வழி பொருந்தும்.

படுகோணம் என்பது பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கப்படுவது. நேராக வரும் அலைக்கு அது 0°. பரப்பு கோணத்தை நேரடியாக உணர்வதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோணம் மாறும்போது அலையில் மாறும் வேறு சில அளவுகளையே பரப்பு உணர்கிறது. பரப்பின் தடிமனுக்குள் அலை சேர்க்கும் கட்டம் கோணத்தின் கோசைனுக்கு ஏற்பக் குறைகிறது. பரப்பின் திசையிலான அலையெண் சைனுக்கு ஏற்பக் கூடுகிறது. நேராக வரும்போது இல்லாத ஒரு செங்குத்துப் புலக்கூறு, சாய்ந்து வரும்போது தோன்றுகிறது. அலையின் மின்னெதிர்ப்பும் முனைவாக்கத்துக்கு ஏற்பக் கூடவோ குறையவோ செய்கிறது. இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு வடிகட்டப் போகிறோம் என்பதே வடிவமைப்பின் அடிப்படை முடிவு. பிற்பாடு எதிர்ப்படும் எல்லைகள் பெரும்பாலும் அந்த முடிவிலிருந்தே வருகின்றன.

முதல் படி: தேவையை எழுதுதல்

புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கோணத்தை முதலில் எழுதுகிறார்கள்: பத்துப் பாகை வரை கடக்க வேண்டும், முப்பது பாகைக்கு அப்பால் தடுக்க வேண்டும் என்று. என் பரிந்துரை, அலைக்கற்றை அகலத்தை முதலில் எழுதுவதே. ஒத்ததிர்வை நம்பும் எந்தப் பரப்பிலும் கோணமும் அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். நேர் திசையில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் குழிவு (எதிரொளிக்கும் இரு பரப்புகளுக்கு இடையிலான வெளி), சாய்ந்த திசையில் அந்த அதிர்வெண்ணைக் கோசைனால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. சிறு கோணங்களுக்கு இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது: திறன் பாதியாகும் கோணம், ரேடியனில், தரக்காரணியின் வர்க்கமூலத்தின் தலைகீழ். தரக்காரணி என்பது ஒத்ததிர்வு அதிர்வெண்ணை அலைக்கற்றை அகலத்தால் வகுத்தால் வரும் எண். தரக்காரணி 30 என்றால் கோணம் ஏறத்தாழ 10.5°, அலைக்கற்றை அகலம் 3.3 சதவீதம். அந்தக் கோணத்தை 5° ஆகச் சுருக்க விரும்பினால் தரக்காரணி 131 ஆக வேண்டும், அகலம் 0.8 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 20° போதும் என்று தளர்த்தினால் 12 சதவீதம் வரை கிடைக்கும். உங்கள் சாதனத்துக்கு வேண்டிய அலைக்கற்றை 8 சதவீதம் என்றால், ஒற்றை ஒத்ததிர்வில் பத்துப் பாகைச் சாளரத்தைக் கேட்பதில் பொருளில்லை என்பது கணினியைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அடுத்து எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று முனைவாக்கம்: மின்புலம் படுதளத்துக்கு (அலையின் திசையும் பரப்பின் செங்குத்துக் கோடும் அமையும் தளத்துக்கு) செங்குத்தாக இருக்கும் டிஇ அலையை மட்டும் வடிகட்ட வேண்டுமா, படுதளத்திலேயே இருக்கும் டிஎம் அலையை மட்டுமா, இரண்டையுமா என்பது. மற்றொன்று தடுக்கப்பட்ட ஆற்றலின் கதி. இழப்பில்லாத பரப்பு தடுத்ததை எல்லாம் திருப்பி அனுப்பும். பரப்பை ஆன்டெனாவின் மேல் வைத்தால், திரும்பும் அலை ஆன்டெனாவின் தரைத்தளத்தில் பட்டு மீண்டும் வரும். இரண்டும் சேர்ந்து புதிய குழிவு ஒன்றாகிவிடும். இந்த விளைவையே பயனாக்கி, பகுதி எதிரொளிக்கும் தகட்டால் ஆன்டெனாவின் திசைத்திறனைக் கூட்டும் முறையை 1956-ல் வான் டிரென்டினி காட்டினார். எதிர்பாராமல் அது நேர்ந்தால் மட்டும் தொல்லை. எனவே பரப்புக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள தொலைவும் வடிவமைப்பின் ஓர் அளவே என்று தொடக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

இரண்டாம் படி: எந்த வழி

கட்டத்தைப் பிடிக்கும் வழி ஃபாப்ரி-பெரோ குழிவு. பகுதி எதிரொளிக்கும் இரண்டு வலைகளை அரை அலைநீள அளவு இடைவெளியில் இணையாக வைத்தால், நேராக வரும் அலைக்கு உள்ளே எழும் பலமுறை எதிரொளிப்புகள் ஒரே கட்டத்தில் சேர்ந்து அலை முழுமையாகக் கடக்கிறது. சாயும்போது கட்டம் பிசகித் தடுக்கப்படுகிறது. கட்டுவதற்கு எளியது, கணக்குக்கு இசைவது, இரு முனைவாக்கங்களுக்கும் வேலை செய்வது ஆகிய காரணங்களால் முதல் முயற்சிக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அலையெண்ணைப் பிடிக்கும் வழியில், ஒளிவிலகல் எண் சுழியை நெருங்கும் ஊடகம் பயன்படுகிறது. அத்தகைய ஊடகத்துக்குள் வெளியிலிருந்து நுழையும் அலைக்கு மாறுநிலைக் கோணம் மிகச் சிறியது. ஒளிவிலகல் எண் 0.17 என்றால் 9.8°-க்கு அப்பால் வருவது முழு எதிரொளிப்பு அடைகிறது. மெல்லிய கம்பிகளின் அடுக்கு நுண்ணலைகளுக்குப் பிளாஸ்மாபோல் நடந்துகொள்ளும் என்று 1996-ல் பென்ட்ரியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். அந்தப் பிளாஸ்மா அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே ஒளிவிலகல் எண் சுழிக்கு அருகில் இருக்கும். அதைக் கொண்டு கதிர்வீச்சை ஒரு குறுகிய கூம்புக்குள் அடக்கும் செயல்விளக்கத்தை 2002-ல் ஈனாக் குழுவினர் வெளியிட்டனர். இவ்வழி குழிவின் அலைக்கற்றைத் தளையிலிருந்து விடுவிக்கும் என்று தோன்றலாம், ஆனால் விடுவிப்பதில்லை. பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கு 3 சதவீதம் மேலே போனால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 14° ஆகிறது. ஃபாப்ரி-பெரோ குழிவிலும் 3 சதவீதம் மேலே கடக்கும் கோணம் அதே 14°தான். இரண்டு சமன்பாடுகளையும் அருகருகே எழுதினால் அவை ஒன்றே என்பது தெரியும்.

அந்தத் தளையிலிருந்து உண்மையில் விடுவிப்பது, செங்குத்துப் புலக்கூறையோ புரூஸ்டர் கோணத்தையோ பிடிக்கும் வழி. இரு மின்கடத்தாப் பொருள்களின் எல்லையில் டிஎம் அலை எதிரொளிக்காமல் கடக்கும் கோணம் ஒன்று உண்டு. ஒளிவிலகல் எண்களின் விகிதம் அக்கோணத்தின் டேன் மதிப்புக்குச் சமம் என்று 1815-ல் புரூஸ்டர் கண்டார். இவ்விதியில் அலைநீளம் இடம்பெறவில்லை என்பதே அதன் வலிமை. வெவ்வேறு தடிமன் கொண்ட கால் அலை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் மற்றக் கோணங்கள் அகன்ற அதிர்வெண் பரப்பில் எதிரொளிக்கப்படும். புரூஸ்டர் கோணத்தில் மட்டும் எல்லா நிறமும் கடக்கும். 2014-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் சிலிக்கான் டை ஆக்சைடும் டான்டலம் பென்டாக்சைடும் மாறி மாறி அமைந்த 84 அடுக்குகளால் கண்ணுறு ஒளிக்கு இதைச் செய்து காட்டினர். கடக்கும் கோணம் 55°. அந்தப் படலத்தை அவர்கள் திரவத்துக்குள் வைத்து அளந்ததன் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: 1.46, 2.08 ஆகிய ஒளிவிலகல் எண்களுக்கு, காற்றிலிருந்து அந்தக் கோணத்தை அடைய வேண்டுமானால் காற்றில் படுகோணத்தின் சைன் 1.19 ஆக வேண்டும்; அது இயலாதது. காற்றையே ஓர் அடுக்காகக் கொள்ளும் நுண்ணலை அமைப்பில் இந்தத் தடை இல்லை. மின்கடத்தா மாறிலி 2.2 கொண்ட தகடுகளைக் காற்றிடைவெளியோடு அடுக்கினால் 56°-ல் சாளரம் திறக்கும்.

சாளரம் 0°-ல் வேண்டும் என்றால், பரப்புக்குச் செங்குத்தாக நட்ட குறு உலோக ஊசிகள் உதவும். நேராக வரும் டிஎம் அலைக்கு ஊசியின் திசையில் மின்புலம் இல்லாததால் ஊசிகள் அதற்குப் புலப்படுவதே இல்லை. சாயும்போது அந்தக் கூறு எழுந்து ஊசிகளைத் தூண்டி அலையைத் தடுக்கிறது. டிஇ அலைக்கு இதன் மறுதலையான காந்தப்புலக்கூறை உணரும் தட்டையான வளையங்கள் வேண்டும். ஆனால் அவ்வளையங்கள் நேராக வரும் அலையின் மின்புலத்துக்கும் இணங்கிவிடும். அந்த மின் ஒத்ததிர்வை வேலை செய்யும் அலைக்கற்றைக்கு வெளியே தள்ளுவதே அவ்வகை வடிவமைப்பின் கடினமான பகுதி.

இனி ஃபாப்ரி-பெரோ வழியிலேயே தொடர்வோம்.

மூன்றாம் படி: தாளில் கணக்கு

10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மி.மீ. பதினொரு பாகையில் திறன் பாதியாக வேண்டும் என்று கொள்வோம். தரக்காரணி 30 அளவில் இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு வலையும் திறனில் 90 சதவீதத்தை எதிரொளிக்க வேண்டும். துளையிட்ட உலோகத் தகடு போன்ற தொடர்ச்சியான சதுர வலை மின்தூண்டித்தன்மை கொண்டது. அதன் மறுப்பு (மின்தூண்டி மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை), வெற்றிட அலையின் மின்னெதிர்ப்பான 377 ஓமில் ஆறில் ஒரு பங்காக, அதாவது 63 ஓமாக இருந்தால் இந்த 90 சதவீதம் கிடைக்கும்.

வலையின் மீள்நீளத்தை, அதாவது ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரையிலான தொலைவை, 7.5 மி.மீ. எனக் கொள்கிறேன். இது அரை அலைநீளத்துக்குக் கீழே இருப்பதால் எந்தக் கோணத்திலும் கீற்றணிக் கதிர்கள், அதாவது மீள்நிகழும் அமைப்பால் வேறு திசைகளில் பிரிந்து செல்லும் அலைகள், எழா. கோண வடிகட்டியில் கீற்றணிக் கதிரை அனுமதிப்பது, தடுத்த ஆற்றலை வேறொரு திசையில் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும் என்பதால் இந்த விதியில் நான் ஒருபோதும் தளர்வு காட்டுவதில்லை. மீள்நீளத்தை அலைநீளத்தால் வகுத்து, அதைப் பட்டையின் அகலம் சார்ந்த மடக்கைச் சார்பால் பெருக்கும் பழைய வாய்ப்பாட்டின்படி, 63 ஓம் பெற உலோகப் பட்டை ஏறத்தாழ 2.6 மி.மீ. அகலமும் சதுரத் துளை 4.9 மி.மீ. பக்கமும் கொண்டிருக்க வேண்டும். இது முதல் மதிப்பீடு மட்டுமே. கணினி இதைச் சற்று மாற்றும்.

இடைவெளி சரியாக அரை அலைநீளம் அன்று. மின்தூண்டி வலையில் எதிரொளிக்கும்போது ஏற்படும் கட்ட விலகல் இடைவெளியைக் குறைக்கிறது. மேற்கண்ட மறுப்புக்கு அது 15 மி.மீ.-க்குப் பதிலாக 13.45 மி.மீ. ஆகிறது. இதை மறந்து 15 மி.மீ. வைத்தால் சாளரம் 10 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே போய்விடும். 10 கிகாஹெர்ட்ஸில் நேர் அலை தடுக்கப்பட்டுச் சாய்ந்த அலை கடக்கும் தலைகீழ் வடிகட்டி ஒன்று கையில் இருக்கும். இடைவெளியை ஒரு முழு அலைநீளம் ஆக்கினால் சாளரம் இன்னும் குறுகும் என்று சிலர் கருதுகிறார்கள். குறுகுவது உண்மைதான், ஆனால் ஏறத்தாழ அறுபது பாகையில் இரண்டாவது சாளரம் ஒன்றும் திறந்துகொள்ளும்.

தடுப்பு எவ்வளவு என்று பார்ப்போம். கோணத்தால் அலையின் மின்னெதிர்ப்பு மாறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 30°-ல் 17 டெசிபெல் தடுப்பு வருகிறது. வலையின் மறுப்பு கோணத்தால் மாறாது என்று வைத்துக்கொண்டு, அலையின் மின்னெதிர்ப்பை மட்டும் மாற்றிக் கணக்கிட்டால், டிஇ அலைக்கு 20 டெசிபெலும் டிஎம் அலைக்கு 14 டெசிபெலும் கிடைக்கின்றன. டிஇ அலையின் மின்னெதிர்ப்பு சாயச் சாயக் கூடுவதால் அதற்கு வலை மேலும் வலிய கண்ணாடியாகத் தோன்றுகிறது. டிஎம் அலைக்கு அது நலிந்துகொண்டே போகிறது. 80°-ல் இதே கணக்கு டிஎம் தடுப்பை வெறும் 4 டெசிபெல் என்று காட்டுகிறது. உண்மையான சதுர வலையின் மறுப்பும் டிஎம் அலைக்குக் கோணத்தோடு குறைவதால் கசிவு இவ்வளவு மோசமாக இராது, ஆனாலும் மறைந்துவிடாது. 45° வரை மட்டும் வரைபடம் வரைந்து நிறைவடையும் பழக்கம் இந்தக் கசிவை மறைத்துவிடுகிறது. கிடைப்பரப்பை ஒட்டி வரும் குறுக்கீட்டுக்காகவே பரப்பு கேட்கப்பட்டிருந்தால், பிழை அங்கேதான் வெளிப்படும்.

இன்னும் செங்குத்தான சரிவு வேண்டும் என்றால் இரண்டு குழிவுகளை, அதாவது மூன்று வலைகளை அடுக்கலாம். அதே அலைக்கற்றை அகலத்துக்கு வெளி வலைகளின் மறுப்பு 75 ஓமாகவும் நடு வலையின் மறுப்பு 14 ஓமாகவும் அமைந்தால் சாளரத்தின் உச்சி தட்டையாகும். 30°-ல் தடுப்பு 17-லிருந்து 34 டெசிபெல்லாக உயரும். மைலூவின் முறை இதையே மேலும் பல அடுக்குகளுக்கு விரிக்கிறது. எனினும் ஒற்றைக் குழிவைக் கட்டி அளந்து, கணக்கோடு அது இசைவதைக் காணாமல் இரண்டாவது குழிவுக்குப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

நான்காம் படி: கணினியில் சரிபார்த்தல்

சிஎஸ்டி, ஹெச்எஃப்எஸ்எஸ் போன்ற மென்பொருள்களில் ஓர் அலகு அறையை வரைந்து, பக்கங்களுக்கு மீள்நிகழ் எல்லை நிபந்தனையும் மேலும் கீழும் ஃப்ளோகே வாயில்களும் (மீள்நிகழும் பரப்பின்மீது விரும்பிய கோணத்தில் அலையை அனுப்பிப் பெறும் எல்லைகள்) கொடுத்தால் முடிவில்லாப் பரப்பின் விடை கிடைக்கும். முதலில் ஒற்றை வலையை மட்டும் ஓட்டி எதிரொளிப்பு 90 சதவீதம் வரும்வரை துளையின் அளவைத் திருத்துங்கள். அதன் பிறகே இரண்டாவது வலையைச் சேர்த்து இடைவெளியைத் திருத்துங்கள். இரண்டையும் ஒன்றாக உகப்பாக்கியிடம் ஒப்படைத்தால் விடை வரும், ஆனால் எது எதை மாற்றியது என்ற தெளிவு வராது. கோணத்தை 0°-லிருந்து 85° வரை, இரு முனைவாக்கங்களுக்கும், படுதளம் வலையின் பக்கத்தை ஒட்டியும் மூலைவிட்டத்தை ஒட்டியும் ஓட்ட வேண்டும். ஒரு கிடைஅச்சில் கோணமும் மறு அச்சில் அதிர்வெண்ணும் வைத்து வண்ணப்படமாகப் பாருங்கள். கடக்கும் பட்டை கோணத்தோடு மேல்நோக்கி வளைந்து செல்வது ஒரே பார்வையில் புலப்படும்.

ஐந்தாம் படி: பொருளும் கட்டுமானமும்

தொடர்ச்சியான வலை தன்னைத் தானே தாங்கும் என்பதால் அச்சிட்ட சுற்றுப்பலகை தேவையில்லை; 0.2 மி.மீ. செம்புத் தகட்டில் லேசரால் துளையிட்டால் போதும். இடைவெளியைப் பலகையால் நிரப்பும் எண்ணம் வந்தால் இழப்பைக் கணக்கிடுங்கள். எஃப்ஆர்-4 பலகையின் இழப்பு டேன்ஜென்ட் 0.02; அதாவது அப்பொருள் தனியே தரும் தரக்காரணி 50 மட்டுமே. குழிவின் தரக்காரணி 30 என்றால் உச்சியிலேயே 4 டெசிபெல்லுக்கு மேல் இழப்பு ஏற்படும். இழப்பு டேன்ஜென்ட் 0.0009 கொண்ட நுண்ணலைப் பலகையில் அதே கணக்கு கால் டெசிபெல் என்று முடிகிறது. காற்றோ நுரையோ இவை இரண்டையும் விட மேல்.

நுரையை இடைவெளிப்பொருளாக வைக்கும்போது அதன் மின்கடத்தா மாறிலி ஏறத்தாழ ஒன்று என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. மாறிலி 1.07 என்றால் ஒத்ததிர்வு 3 சதவீதத்துக்கும் மேல் கீழிறங்கும். நம் அலைக்கற்றையின் பாதி அகலம் 1.7 சதவீதம்தான். எனவே இடைவெளியை 13 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். அதே காரணத்தால் இயந்திரத் துல்லியமும் முக்கியம்: இடைவெளியில் 0.23 மி.மீ. பிழை சாளரத்தை அதன் பாதித்திறன் விளிம்புக்கே தள்ளிவிடும். 0.05 மி.மீ.-க்குள் நிற்பது இலக்காக இருக்கட்டும். மெல்லிய தகடு நடுவில் தொய்ந்தாலே இந்த அளவு கைவிட்டுப் போகும் என்பதால், தகட்டைச் சட்டத்தில் இழுத்துப் பொருத்துங்கள் அல்லது நுரையோடு முழுப்பரப்பிலும் ஒட்டுங்கள்.

ஆறாம் படி: அளவீடு

மாதிரியின் பக்கம் குறைந்தது பத்து அலைநீளம், அதாவது 300 மி.மீ. இருக்கட்டும். 60° திருப்பினால் அலைக்குத் தெரியும் அகலம் 150 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது, அதைவிடச் சிறிய மாதிரியில் பரப்பை அளக்கிறோமா, விளிம்பை அளக்கிறோமா என்று சொல்ல முடியாது. 300 மி.மீ. பரப்பின் மீது தட்டையான அலைமுகப்பு விழ வேண்டும் என்றால் கொம்பு ஆன்டெனாவை 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதபோது வில்லை பொருத்திய கொம்புகளைப் பயன்படுத்தலாம். மாதிரியைச் சுற்றி உறிஞ்சு நுரையால் ஆன பெரிய சட்டம் வையுங்கள். முதலில் மாதிரி இல்லாத திறந்த சட்டத்தை வெக்டர் நெட்வொர்க் அனலைசரால் (கடந்த அலையின் அளவையும் கட்டத்தையும் அளக்கும் கருவியால்) அளந்து, பின்வரும் ஒவ்வொரு அளவையும் அதனால் வகுக்க வேண்டும். சட்டமும் திரும்புவதால் இந்த ஒப்பளவை ஒவ்வொரு கோணத்திலும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

அறையின் எதிரொலிகளை நீக்கக் கால வாயிலை (குறித்த நேரத்துக்குப் பின் வருவதை வெட்டிவிடும் முறையை) பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. தரக்காரணி 30 கொண்ட குழிவு 10 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒரு நானோநொடிக் கால மாறிலியோடு மெல்ல அடங்குகிறது. வாயிலை 2 நானோநொடியில் மூடினால் ஒத்ததிர்வின் வாலையே வெட்டிவிடுவோம். சாளரம் உண்மையில் இருப்பதைவிட அகன்றதாகத் தோன்றும். 5 நானோநொடி வரை திறந்திருக்க வேண்டும். அதாவது 1.5 மீட்டருக்குக் குறைந்த கூடுதல் பாதையில் வரும் எதிரொலி எதையும் வாயிலால் நீக்க முடியாது. விளிம்பில் சிதறும் அலை அந்த எல்லைக்குள்ளேயே வருவதால் அதை உறிஞ்சு சட்டம்தான் தடுத்தாக வேண்டும்.

அளவீட்டை 10 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்தாமல் 9.5 முதல் 10.5 வரை எடுங்கள். நேர் திசையில் உச்சி எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பதே முதல் விடை. அது 9.9-ல் நின்றால் இடைவெளி 1 சதவீதம், ஏறத்தாழ 0.13 மி.மீ., கூடுதலாக இருக்கிறது. மெல்லிய இடைத்தகடு ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகும். உச்சி சரியான இடத்தில் நின்றும் உயரம் குறைந்திருந்தால் இழப்பையோ, இரு வலைகளும் இணையாக இல்லாததையோ தேட வேண்டும். பரப்பின் ஒரு பாதியை உறிஞ்சு நுரையால் மூடி அளந்து, பிறகு மறுபாதியை மூடி அளந்தால், இரண்டு உச்சிகளும் வெவ்வேறு அதிர்வெண்களில் நிற்கும்போது குற்றம் இணைப்போக்கில் என்று தெரியும். பின்னர் 10.3 கிகாஹெர்ட்ஸில் மாதிரியை மெல்லத் திருப்புங்கள். நேர் அலை தடைப்பட்டு, 14°-ஐ ஒட்டி இருபுறமும் ஒவ்வோர் உச்சி எழ வேண்டும். அவ்விரண்டும் ஒரே உயரத்தில், சுழிக்கு இருபுறமும் சமதொலைவில் நின்றால் திருப்பு மேடையின் சுழிக்குறியும் சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஒருபுறம் 13°, மறுபுறம் 15° என்று வந்தால் மேடையை ஒரு பாகை திருத்திவிட்டு முழு அளவீட்டையும் மீண்டும் எடுக்க வேண்டும்.